ஆங்கிலிக்கன் வழிவந்த கத்தோலிக்கப் பூசையில் பங்கெடுப்பது எப்படி?

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கு லண்டனுக்கோ ஹூஸ்டனுக்கோ போகிறவர்கள், அங்கே இப்படியொரு கத்தோலிக்கக் கோவிலுக்குள் நுழைந்தால், "இது சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) கோவிலோ?" என்று பாதிப் பூசையில் எழுந்து வந்துவிட வேண்டாம். ஆங்கிலிக்கன் சபையிலிருந்து, அதாவது இங்கிலாந்து திருச்சபை மரபிலிருந்து, வந்தவர்கள் தங்கள் வழிபாட்டு மரபோடு கத்தோலிக்கராக இருக்க, 2009-இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் வழி திறந்தார். அப்படி உருவானவைதான் 'ஆர்டினேரியட்' கோவில்கள். லத்தீன் பூசை, சிரிய மரபுப் பூசைகளான மலங்கரை குர்பானா, மலபார் குர்பானா மூன்றும் நடக்கிற நம் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய புதிர் இல்லை. ஞாயிறு பூசைக் கடன் தீரும், நன்மை (நற்கருணை) வாங்கலாம், உங்கள் ரீத்தும் (வழிபாட்டு முறை) மாறாது.

வாசலில் பூசைப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். பதில்மொழிகள் பழைய ஆங்கிலம். மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொன்னால் தடுமாறும். குருவானவர் பெரும்பாலும் பீடத்தைப் பார்த்தே நிற்பார்.

நம்மவர்கள் அதிகம் குழம்புவது பாவ அறிக்கையில். தொடக்கத்தில் வரும் என்று காத்திருப்பார்கள், வராது. முதலில் 'உள்ளங்களெல்லாம் திறந்திருக்கும் இறைவா' என்ற கருத்துள்ள தூய்மை மன்றாட்டு, பிறகு இறையன்பு, பிறரன்புக் கட்டளைகள். விசுவாசப் பிரமாணமும் மன்றாட்டுகளும் முடிந்த பின்தான், பெரும்பாலும், எல்லோரும் முழந்தாளிட்டுப் பாவ அறிக்கை சொல்வார்கள். அதையடுத்து ஆறுதல் தரும் இறைவசனங்கள் வாசிக்கப்படும்.

நன்மைக்கு முன் இன்னொரு நீண்ட செபம் உண்டு: மேசையிலிருந்து விழும் துணுக்கைப் பொறுக்கவும் தகுதியில்லை என்பது. கானானியப் பெண்ணின் சொல்லை ஒட்டியது, மத்தேயு 15:27. இந்த முறையில் தவறவே விடக்கூடாதது இதுதான். நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சொந்தக்காரர்களுக்கு இது பழக்கமாக இருக்கலாம், அவர்கள் முன்னோர் ஆங்கிலிக்கன் மிஷன் வழி வந்தவர்கள். நம் குமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் அல்லாத லண்டன் மிஷன் வழி.

நன்மை வாங்க வரிசையில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டாம். பல இடங்களில் பீடத்தின் முன் கம்பித் தடுப்பு இருக்கும். இடம் கிடைத்ததும் முழந்தாளிட்டுக் காத்திருங்கள், குரு ஒவ்வொருவராக வருவார். அவர் சொல்லும் வாசகம் 'கிறிஸ்துவின் உடல்' என்பதைவிட நீளமானதாக இருக்கலாம். முதல் சொல்லிலேயே ஆமென் சொல்லிவிடாமல் முடியட்டும். அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுக்கிற இடத்தில் கையை நீட்டவே கூடாது, நாவில்தான். முழங்கால் வலிக்காரர்கள் நின்றபடி வாங்கலாம்.

காலண்டரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெந்தகோஸ்துக்குப் பின்வரும் பொதுக்கால ஞாயிறுகளை அங்கே 'மூவொரு இறைவன் பெருவிழாவுக்குப் பின் இத்தனையாவது ஞாயிறு' என்று எண்ணுவார்கள். ஞாயிறு வாசகங்கள் பெரும்பாலும் நம் ஊரில் அன்று வாசிப்பவைதான், அதனால் பெயரை விட்டுத் தேதியை வைத்துத் தமிழில் படித்துவிட்டுப் போங்கள். தவக்காலத்துக்கு முந்திய மூன்று ஞாயிறுகளில் ஊதா உடை இருக்கும், அல்லேலூயா இருக்காது. சாம்பல் புதனைத் தவறவிட்டோமோ என்று பதறி வீட்டுக்கு போன் போட வேண்டியதில்லை.