குவேக்கர் கூட்டத்தில் மௌனம் சம்மதம் அல்ல: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர் எதிர்ப்பு, அகதிகள், சிறைச் சீர்திருத்தம் என ஏதோ ஒரு வேலைக்காக பிரிட்டனின் குவேக்கர்களோடு (அங்கே பெரும்பாலும் மௌனமாகக் கூடி வழிபடும் கிறிஸ்தவப் பிரிவினர்) வந்து சேரும் ஆர்வலர்களில் பலர் தொழிற்சங்கத்திலோ மாணவர் அமைப்பிலோ பழகியவர்கள். வந்த வேகத்தில் எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். கூட்டத்துக்குத் தாமதமாக வருவது, நடுவில் போன் அலறுவது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். காசும் நம்பிக்கையும் சேர்ந்து போகிற தவறுகள் வேறு.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது.

ஆர்வலர் ஒருவர் வீட்டிலேயே எழுதி முடித்த அறிக்கையோடு வருவார், வாசிப்பார். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்பார். அமைதி. நிறைவேறிவிட்டது என்று மறுநாளே பத்திரிகைகளுக்கு அனுப்பிவிடுவார். உட்கார்ந்திருந்தவர்கள் அந்த அறிக்கையை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். பாதிப் பேர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மாதம் திரும்புவதற்குள் "என் பெயரில் இதைச் சொல்ல யார் அனுமதி கொடுத்தது?" என்ற கேள்வி கிளம்பும். மறுப்பு வெளியிட வேண்டிவரும், ஒதுக்கிய பணம் நிற்கும், கூடத்தைப் பயன்படுத்தத் தந்த அனுமதியும் போகும். அதன் பிறகு அந்தக் குழு கொண்டுவரும் நல்ல தீர்மானத்தைக்கூட எல்லோரும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

குவேக்கர்களின் அலுவல் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. அதற்காக, கடைசி ஆள் வரை தலையாட்டினால்தான் முடிவு என்றும் இல்லை. கூடியிருப்பவர்கள் சேர்ந்து கடவுளின் வழிநடத்தலைத் தேடுகிறார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. கூட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று கவனித்து அதை எழுத்தில் கொண்டுவருவது கிளார்க்கின் வேலை. கூட்டத்தை நடத்துவதும் குறிப்பு எழுதுவதும் அவரே. தன் கருத்தை அவர் சொல்லக் கூடாது. சொல்லியே தீர வேண்டும் என்றால் அந்தப் பொருள் முடியும்வரை மேசையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

முறை இப்படி: விஷயத்தை விளக்கும் தாள் சில நாட்களுக்கு முன்பே எல்லோர் கைக்கும் போக வேண்டும். சர்ச்சைக்குரிய விஷயமானால் முடிவு எதுவும் எடுக்காமல், மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கென்றே முதலில் ஒரு தனிக் கூட்டம் வைக்க வேண்டும். அலுவல் கூட்டம் மௌனத்தோடு தொடங்கும். பேசுகிறவர் எழுந்து நின்று கிளார்க்கை நோக்கிப் பேசுவார், சக உறுப்பினருக்குப் பதிலடி கொடுக்க மாட்டார். ஒருவர் உட்கார்ந்ததும் அடுத்தவர் உடனே எழக் கூடாது. சொன்னது உள்ளே இறங்க இடைவெளி வேண்டும். ஏற்கெனவே வந்த கருத்தை இன்னொருவர் திரும்பச் சொல்லத் தேவையில்லை. இங்கே தலைகளை எண்ணுவதில்லை.

பிறகு கிளார்க் அங்கேயே, எல்லோரும் மௌனமாகக் காத்திருக்க, மினிட்டை, அதாவது முடிவைச் சொல்லும் குறிப்பை, எழுதி உரக்க வாசிப்பார். வீட்டுக்குப் போய் எழுதி மின்னஞ்சலில் அனுப்பும் வேலையே கூடாது. இந்தக் கட்டத்தில் வாசகத்தைத் திருத்தலாம், புதிதாக வாதம் தொடங்கக் கூடாது. "இந்த மினிட் ஏற்புடையதா?" என்று கேட்டால் பிரிட்டனில் "அப்படியே நம்புகிறோம்" என்றும், அமெரிக்காவில் "ஏற்கிறோம்" என்றும் வாய்விட்டுப் பதில் வர வேண்டும். வராவிட்டால் முடிவு இல்லை. ஒருமை கிடைக்கவில்லை என்பதையே மினிட்டாக எழுதி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

நல்ல மினிட் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நாடாளுமன்ற உறுப்பினருக்கு நம் பெயரில் கடிதம் எழுத இந்த இருவரைக் கேட்டுக்கொள்கிறோம். செலவு சமூகப் பணி நிதியிலிருந்து. வெளியே இதைப் பற்றிப் பேசும் பொறுப்பு கிளார்க்குக்கு மட்டும். அடுத்த கூட்டத்தில் அறிக்கை தரட்டும்." யார், எந்தப் பணம், எதுவரை என்ற மூன்றில் ஒன்று விடுபட்டாலும் சண்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

எதிர்ப்பவர் ஒருவர் இருந்தால்? அவர் கையில் வீட்டோ இல்லை. "எனக்கு உடன்பாடில்லை, ஆனால் வழிமறிக்க மாட்டேன்" என்று அவர் ஒதுங்கி நிற்கலாம். அப்படி ஒதுங்காவிட்டால் அந்த எதிர்ப்பில் கூட்டம் கேட்க வேண்டிய உண்மை இருக்கிறதா என்று கிளார்க் எடைபோட வேண்டும். பெரும்பான்மை நம் பக்கம் என்று அவரை நசுக்குவதும் தவறு, அவர் ஒருவருக்காக எல்லாவற்றையும் கைவிடுவதும் தவறு.

காத்திருப்பதையே புண்ணியமாக்குவது

இது பழையவர்களின் நோய். 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் அடிமை முறைக்கு எதிராக மனு எழுதினார்கள். உள்ளூர் மாதக் கூட்டம் அதைத் தனக்கு மேலுள்ள காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது, அது இன்னும் மேலுள்ள ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது, அங்கே அது கிடப்பில் போனது. பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருப்பதைத் தடைசெய்தது 1776இல். 88 ஆண்டுகள்! இடையில் பெஞ்சமின் லே என்பவர் கூச்சலிட்டுக் கலகம் செய்ததற்காக வெளியேற்றப்பட்டார். ஜான் வுல்மன் அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கே போய்த் தங்கினார், தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார். இவர்கள் இல்லாமல் அந்த 88 இன்னும் நீண்டிருக்கும். "இன்னும் வழிநடத்தல் வரவில்லை" என்று யாராவது இரண்டாவது ஆண்டாகச் சொன்னால், அந்த முடிவால் யாருக்கு நஷ்டம் என்று விசாரிப்பது நல்லது.

எல்லாக் குவேக்கர்களும் மௌனமாக உட்காருவார்கள் என்று எண்ணுவது

உலகிலேயே குவேக்கர்கள் அதிகம் உள்ள கென்யாவில் பாதிரியாரும் பாட்டும் பிரசங்கமும் உண்டு.

"குவேக்கர்கள் அனைவரும்" என்று பேசுவது

1916இல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது சிலர் ஆம்புலன்ஸ் பணிக்குப் போனார்கள், சிலர் அதையும் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், படையில் சேர்ந்த குவேக்கர்களும் இருந்தார்கள்.

சோற்றோடு போதனையைச் சேர்ப்பது

அயர்லாந்துப் பஞ்சத்தின்போது டப்ளின் குவேக்கர்கள் 1846 நவம்பரில் நிவாரணக் குழு அமைத்து, ஊர்க் குழுக்களுக்குச் சூப் காய்ச்சும் கொப்பரைகளைக் கொடுத்தார்கள். மதம் மாறினால்தான் சூப் என்று நிபந்தனை போட்டவர்களும் அந்த ஊர்களில் இருந்தார்கள், குவேக்கர்கள் போடவில்லை. விநியோக வரிசையில் துண்டறிக்கை கூடவே கூடாது. யாருக்குத் தேவை என்பதை உள்ளூர்க்காரர்களே சொல்லட்டும்.

மத்தியஸ்தம் செய்பவர் பேட்டி கொடுப்பது

கூடாது.

கைதாவதைக் கூட்டத்தின் தலையில் கட்டுவது

சட்டத்தை மீறிப் போராடப் போகிறவர், போவதற்கு முன் நான்கைந்து பேரைத் தன்னோடு உட்காரக் கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும்: வேலை போனால் என்ன செய்வாய், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், அபராதத்தை யார் கட்டுவது, விசா பிரச்சினை உண்டா? அதன்பின் அவர் போனால், ஆளைத் தாங்குகிறோம் என்று கூட்டம் மினிட் எழுதலாம். அந்தச் செயலையே தன் செயலாகக் கூட்டம் ஏற்பது தனி முடிவு. அதற்குத் தனி மினிட் வேண்டும், அதுவும் கைதுக்கு முன்பே.