ஃப்ரிட்டிலரியைப் படம் எடுக்க: அடிச்சிறகைத் தேடுங்கள்

ஃப்ரிட்டிலரி என்பது ஒரு வண்ணத்துப்பூச்சி வகை. முதல் கோடையில் அவற்றை நாற்பது படங்கள் எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றுக்குக்கூடப் பெயர் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் ஆரஞ்சுச் சிறகு, கறுப்புப் புள்ளி. மேலிருந்து பார்த்தால் ஃப்ரிட்டிலரிகள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. இனத்தைக் காட்டிக்கொடுப்பது பின்சிறகின் அடிப்பக்கம்.

படி 1: நேரம்

வெயில் ஏறிவிட்டால் இவை நிற்காமல் பறக்கும், துரத்துவது வீண். காலையில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சிறகை விரித்து உட்காரும்போது மேல்பக்கத்தை எடுத்துவிடலாம். பிறகு மேகம் வரக் காத்திருங்கள். வெயில் மறைந்ததும் பல சமயம் இருந்த இடத்திலேயே சிறகை மூடிக்கொள்ளும். அந்த ஓரிரு நிமிடங்களுக்காகத்தான் நாம் வந்திருக்கிறோம்.

படி 2: கேமரா

ஷட்டர் வேகம் 1/500 நொடி அல்லது அதற்கு மேல், துளை எஃப் 8. அடிச்சிறகிலுள்ள வெள்ளிப் புள்ளிகள் ஒளியைத் திருப்பி அடிப்பதால் வெறும் வெள்ளைத் திட்டுகளாகப் பதிந்துவிடும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே எடுங்கள். கைபேசி என்றாலும் இதேதான்.

படி 3: நெருங்குவது

குனிந்து, மெதுவாக, பக்கவாட்டிலிருந்து வாருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் கதை முடிந்தது. லென்ஸின் முகப்பு மூடிய சிறகுக்கு இணையாக இருக்கட்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சிறகின் ஒரு பாதி மங்கிவிடும். காலடியையும் பாருங்கள். பல ஃப்ரிட்டிலரிகளின் புழுக்களுக்கு வயலட் செடிதான் உணவு.

படி 4: பெயர் கண்டுபிடிப்பது

ஐரோப்பாவின் பெரிய இனங்கள் மூன்றை எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கம் பச்சை கலந்து, புள்ளிகளே இல்லாமல் வெள்ளியைத் தூரிகையால் இழுத்துவிட்டதுபோல் பட்டைகள் ஓடினால் அது சில்வர் வாஷ்டு. இதன் ஆணுக்கு மட்டும் முன்சிறகின் மேல்பக்கத்தில், நரம்புகளை ஒட்டி நான்கு கருங்கோடுகள் தடித்திருக்கும். அவை வாசனைச் செதில்கள். ஆகவே மேல்பக்கப் படத்தை அழித்துவிடாதீர்கள்.

தெளிவான வெள்ளிப் புள்ளிகள் இருந்தால் டார்க் கிரீன், ஹை பிரவுன் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள், ஏனென்றால் பெயரிலுள்ள நிறத்தை நம்புகிறார்கள். நிறத்தை விடுங்கள். படத்தைப் பெரிதாக்கி, பின்சிறகின் ஓரத்து வெள்ளி வரிசைக்குச் சற்று உள்ளே பாருங்கள். செங்கல் நிற வளையங்கள் ஒரு வரிசையாக, நடுவில் சின்ன வெள்ளிப் பொட்டுடன் தெரிந்தால் ஹை பிரவுன். அந்த வரிசை இல்லையென்றால் டார்க் கிரீன்.

சிறிய இனங்களில் பேர்ல் பார்டர்டு, ஸ்மால் பேர்ல் பார்டர்டு இரண்டுக்கும் ஓரத்தில் முத்துபோல ஏழு வெள்ளிப் புள்ளிகள் உண்டு. அவற்றை எண்ணிப் பயனில்லை. உள்ளே எண்ணுங்கள்: முன்னதற்கு நடுவில் ஒன்று, உடலை ஒட்டி ஒன்று என வெள்ளித் திட்டு இரண்டுதான் எடுப்பாகத் தெரியும், பின்னதற்கு வெளிர்த் திட்டுகள் பல, கண்ணாடிச் சில்லு பதித்ததுபோல்.

அடிச்சிறகு கிடைக்கவே இல்லையா? ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். ‘பெரிய ஃப்ரிட்டிலரி’ என்று எழுதி, தேதியும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். என் நாற்பது படங்களும் இன்றுவரை அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன.