கறிவேப்பிலைச் செடியில் அழகிப் பட்டாம்பூச்சிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றை வீட்டில் வளர்ப்போரைத் தேடி, எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்னும் இரு பட்டாம்பூச்சிகள் வருகின்றன. இவை தளிர்களில் ஒவ்வொன்றாக இடும் வெளிர்மஞ்சள் முட்டைகள் சில நாள்களில் பொரிகின்றன. ஐந்து பருவங்களைக் கடக்கும் புழு, முதல் நான்கிலும் பறவை எச்சம் போலத் தோன்றி, ஐந்தாவதில் பச்சை நிறம் பெறுகிறது. இவ்விரு தோற்றங்களும் ஒரே புழுவினுடையவை என்று அறியாமல், முன்னதை எச்சம் என்று துடைத்தெறிவதும், பின்னதைப் புதிய பூச்சித் தொல்லை என்று கருதி மருந்து தெளிப்பதும் பரவலாக நிகழும் தவறுகள்.

இப்புழுவைக் கம்பளிப்பூச்சி என்று அஞ்சுவதும் தேவையற்றது. உடலில் அரிப்பு உண்டாக்கும் ரோமங்கள் இதற்கில்லை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவ உறுப்பை நீட்டி நெடி பரப்பும். அது எறும்பு போன்ற எதிரிகளை விரட்டுவதற்கானது, மனிதரை ஒன்றும் செய்யாது.

வேப்பெண்ணெய் இயற்கையானது, ஆகவே பட்டாம்பூச்சியைப் பாதிக்காது என்ற நம்பிக்கை அதைவிட ஆபத்தானது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் புழு தோலுரிப்பதையே தடுத்துவிடும். தொட்டிச் செடி சிறியதாக இருந்து இலை முழுவதும் பறிபோகும் என்று தோன்றினால், சில புழுக்களை அருகிலுள்ள வேறொரு கறிவேப்பிலைச் செடிக்கு மாற்றலாம். முட்டைக்கோஸ், முருங்கை என்று கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தால் புழு பட்டினியால் மடியும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுப்பதும் நல்லதன்று. அதில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கலாம்.

மிக அதிகமான குளறுபடி நேர்வது கூட்டுப்புழுவாகும் தறுவாயில்தான். முழு வளர்ச்சியடைந்த புழு உண்பதை நிறுத்தி, குடலிலுள்ளதை நீர்த்த கழிவாக வெளியேற்றி, செடியைவிட்டு இறங்கி அலையத் தொடங்கும். நோய்வாய்ப்பட்டது என்றோ வழிதவறியது என்றோ எண்ணி மீண்டும் இலைமேல் ஏற்றிவிடுவோர் அதன் வேலையைக் கெடுக்கிறார்கள். தகுந்த இடத்தில் வால்முனையை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிப் பட்டிழையால் கச்சை கட்டி அது சாய்ந்து நிற்கும். பட்டுப்பூச்சியைப் போல உடலை மூடிக் கூடு நெய்வதில்லை. ஒட்டும் இடத்தைப் பொறுத்துக் கூட்டுப்புழு பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும் என்பதால், பழுப்பு நிறத்தைக் கண்டு இறந்துவிட்டதாகத் தூக்கி எறியக் கூடாது. ஓட்டில் சிறு துளை தெரிந்தால் மட்டுமே, ஒட்டுண்ணிக் குளவி அதை உண்டு வெளியேறியிருக்கும் என்று கொள்ளலாம்.

பட்டாம்பூச்சி வெளிவரும்போது ஓட்டைப் பிய்த்து உதவ முயல்வது மன்னிக்கக் கடினமான அவசரம். சுருங்கிய சிறகுகளுக்குள் உடல்நீரைச் செலுத்தி விரித்து உலர்த்த, அது எதையாவது பற்றித் தொங்கவேண்டும். எனவே கூட்டுப்புழுவைத் தட்டையான பெட்டியில் கிடத்தி வைத்தால் சிறகு கோணலாகிவிடும். அப்போது சிந்தும் நிறமுள்ள திரவம் இரத்தமன்று, கூட்டுப்பருவத்தில் சேர்ந்த கழிவு.

ரோஜா அழகியையும் சிவப்புடல் அழகியையும் ஈர்க்க விரும்புவோர் வேறொரு தவறு செய்கிறார்கள். இவற்றின் புழுக்களுக்கு ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவையே உணவு. அவற்றிலுள்ள நச்சை உடலில் சேர்த்துவைப்பதால்தான் பறவைகள் இவ்வழகிகளைத் தவிர்க்கின்றன, கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சிலவும் அதே தோற்றத்தைப் பூண்டு தப்பிக்கின்றன. பெரிய பூவுக்காக, இவ்விரு செடிகளின் பேரினமான அரிஸ்டலோகியாவைச் சேர்ந்த அயல்நாட்டுக் கொடியை நடும் முன் ஆஸ்திரேலியாவை எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கு ரிச்மண்ட் பேர்ட்விங் என்னும் பட்டாம்பூச்சி, தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட அரிஸ்டலோகியா எலிகன்ஸ் கொடியில் முட்டையிட, அதன் இலையைத் தின்ற புழுக்கள் மடிந்தன. நர்சரியில் கொடி கேட்கும்போது நாட்டு இனத்தையே பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.