நோட்-ரெட்: ஸ்விட்ச் நோட் செய்தியைத் தவறான பக்கம் அனுப்பினால் எங்கே பார்ப்பது?

நோட்-ரெட் என்பது ‘நோட்’ எனும் பெட்டிகளை வயரால் இணைத்துத் தானியங்கி வேலைகளை அமைக்கும் மென்பொருள். அதில் ஸ்விட்ச் நோட், வரும் செய்தியை விதிப்படி வெவ்வேறு வழியில் பிரித்தனுப்பும். தண்ணீர்த் தொட்டி மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். சென்சார் மட்டத்தைச் சதவீதமாக எம்க்யூடிடி (கருவிகள் செய்தி பரிமாறும் முறை) வழியே அனுப்புகிறது. 20-க்குக் கீழே போனால் மோட்டார் ஓட வேண்டும், 90-ஐத் தொட்டால் நிற்க வேண்டும். ஸ்விட்ச் நோட்டில் இரண்டு விதி போட்டு, 15 அனுப்பிப் பார்த்தால் ஓடுகிறது. 95 அனுப்பினால் நிற்கிறது. வேலை முடிந்தது என்று விட்டுவிடுவோம். பிறகு ஒருநாள் கரண்ட் போய் வந்து, முதல் அளவே 9 என்று வரும். மோட்டார் அசையாது. 100 என்று வந்தால் நிறுத்தும் செய்தியும் போகாது.

விதியைத் திருத்தக் கை பரபரக்கும். அதற்கு முன்னால் உள்ளே வருவது என்ன என்று பாருங்கள்.

1. ஸ்விட்ச் நோட்டுக்கு முன்னால் வரும் செய்தியைக் காட்டும் ஒரு டீபக் நோட் மாட்டுங்கள். அதன் அவுட்புட்டை ‘கம்ப்ளீட் மெசேஜ் ஆப்ஜெக்ட்’ என்று மாற்றுங்கள். மாற்றத்தை அமலாக்கும் டிப்ளாய் பட்டனை அழுத்த மறக்காதீர்கள். நோட்டின் மேல் நீலப் புள்ளி தெரிந்தால் மாற்றம் இன்னும் போய்ச் சேரவில்லை.

2. வலப்பக்கப் பட்டையில் பேலோட் (செய்தியின் உள்ளடக்கம்) எப்படி வந்திருக்கிறது? மேற்கோள் குறிக்குள் "9" என்று இருந்தால் அது எழுத்து வகை (ஸ்ட்ரிங்). குறி இல்லாமல் 9 என்று இருந்தால் எண்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், சிக்கலின் வேர் இதுதான். ஸ்விட்ச் நோட்டில் புதிதாக விதி சேர்த்தால், மதிப்புப் பெட்டி எழுத்து வகையில்தான் திறக்கும். அதில் 20 என்று அடித்தால் அது "20" என்ற எழுத்து. வரும் அளவும் எழுத்து என்றால், ஒப்பீடு அகராதி வரிசையில் நடக்கும், முதல் எழுத்திலிருந்து. "15"-இல் முதல் எழுத்து 1, அது 2-க்கு முன்னால் வருவதால் தேறிவிடும். "9" தேறாது. 20-க்குக் கீழே என்ற விதியில் 3 முதல் 9 வரை எல்லாமே இப்படித் தவறும். 0, 1, 2 மட்டும் தப்பிக்கும். "100" ஒன்றில் தொடங்குவதால் "90"-ஐவிடச் சிறியதாகிவிடும். சோதனைக்கு எல்லோரும் இரண்டிலக்க எண்ணையே அனுப்புவதால் இது கண்ணில் படுவதே இல்லை.

3. மதிப்புப் பெட்டியின் இடது ஓரத்தில் உள்ள சிறு குறியை அழுத்தி, வகையை ‘நம்பர்’ ஆக்குங்கள். இரண்டு விதிக்கும் செய்யுங்கள். ஒரு பக்கம் எண்ணாக இருந்தாலே ஒப்பீடு கணக்காக நடக்கும். ஆனால் சென்சார் "9%" என்று குறியோடு அனுப்பினால் இதுவும் உதவாது. அது எண்ணாகவே மாறாது, எந்த விதியிலும் சேராது. குறியைச் சென்சார் பக்கமே எடுத்துவிடுங்கள்.

4. விதிகளுக்குக் கீழே ‘செக்கிங் ஆல் ரூல்ஸ்’ என்று இருப்பதை ‘ஸ்டாப்பிங் ஆஃப்டர் ஃபர்ஸ்ட் மேட்ச்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் பொருந்துகிற எல்லா வழியிலும் செய்தி போகும்.

5. மூன்றாவது விதியாக ‘20-க்கும் 90-க்கும் இடையில்’ என்று, இதையும் நம்பர் வகையில், சேர்த்து, அதன் வெளிவழியில் வயர் மாட்டாமல் விடுங்கள். அங்கே எதுவும் நடக்கக்கூடாது. நான்காவதாக ‘அதர்வைஸ்’ (எதிலும் சேராதவற்றுக்கு). அது தனக்கு மேலே உள்ள விதிகளைத்தான் கணக்கில் கொள்ளும், அதனால் கடைசியில்தான் இருக்க வேண்டும். அதை ஒரு டீபக் நோட்டில் மாட்டுங்கள். இது இல்லாவிட்டால் எந்த விதியிலும் சேராத செய்தி சத்தமில்லாமல் மறைந்துவிடும், பிழை என்று எதுவும் காட்டாது. "9%" மாதிரி அளவுகளை இந்த வயர்தான் பிடித்துக்கொடுக்கும்.

மிதவை ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு வேறு இரண்டு பொறி. ‘இஸ் ட்ரூ’ விதி நிஜ பூலியனை (உண்மை/பொய் வகை மதிப்பை) மட்டுமே ஏற்கும். "ட்ரூ" என்ற சொல் எழுத்தாக வந்தால் தள்ளிவிடும். "ஆன்" என்று இரண்டு ஆங்கில எழுத்து வர வேண்டிய இடத்தில் டீபக் பட்டை ‘ஸ்ட்ரிங்[3]’ என்று காட்டினால், கடைசியில் வரிமுறிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளைந்த அம்புக்குறியாகத் தெரியும். சமம் என்ற விதி அதனால்தான் பொருந்தவில்லை.

செய்தியின் தலைப்பை (டாபிக்) வைத்துப் பிரிப்பவர்கள் கவனியுங்கள்: பல தலைப்புகளுக்கும் பொருந்தும் எம்க்யூடிடியின் + , # குறிகள் ஸ்விட்ச் நோட்டுக்குத் தெரியாது. ‘கன்டெய்ன்ஸ்’ அல்லது ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்) விதி போடுங்கள்.

இதற்கெல்லாம் ஃபங்ஷன் நோட்டில் நாலு வரி நிரல் எழுதினால் போதாதா என்றால், போதும். ஆனாலும் ஸ்விட்ச் நோட்தான் நல்லது. எந்தச் செய்தி எந்த வழியில் போகிறது என்பது வயரிலேயே தெரியும், ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கும் புரியும்.

6. நாமே செய்தி அனுப்பிப் பார்க்க உதவும் இன்ஜெக்ட் நோட்டில் சோதியுங்கள். 0, 9, 19, 20, 89, 90, 100 ஆகியவற்றை எழுத்து வகையில் ஒருமுறை, எண் வகையில் ஒருமுறை. பிறகு "9%", வெற்று எழுத்து.

சென்சாரே செத்துப்போனால் ஸ்விட்ச் நோட் எதையும் செய்யாது, ஓடும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். எம்க்யூடிடி நோட்டிலிருந்து இன்னொரு வயர் இழுத்து ட்ரிகர் நோட்டில் மாட்டுங்கள்: முதலில் எதுவும் அனுப்பாதே, 5 நிமிடம் காத்திரு, புதுச் செய்தி வந்தால் நேரத்தை நீட்டி, பிறகு நிறுத்தும் செய்தியை அனுப்பு. அதன் வெளிவழி நேராக மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ரிலேவுக்குப் போகட்டும்.