குடம் கிழியாமல் இழுக்க, எப்போது ஃபர்னஸில் வைப்பது?

கொருக்குப்பேட்டையில் எங்கள் எவர்சில்வர் பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் கொல்லுப்பட்டறைக் கணக்கோடுதான் வருகிறார்கள்: காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும் என்று. பாத்திரத்துக்கு நாங்கள் எடுக்கும் 304 ரக எவர்சில்வர் தகட்டில் அது தலைகீழ். காய்ச்சி ஆற்றினால் இளகும். பிரஸ்ஸில் அச்சுக்குள் அழுத்திக் குடமாக இழுக்க இழுக்கத்தான் இறுகும்.

எவ்வளவு இறுகும்? இளகிய 304 தகடு நிரந்தரமாக வளையாமல் குறைந்தது 205 மெகாபாஸ்கல் (அழுத்த அளவு) தாங்கி, கிழியுமுன் குறைந்தது 40 சதவீதம் நீளவேண்டும் என்பது தரக்கணக்கு. பாதி இறுகிய தகட்டுக்குத் தாங்குசக்தி 760. நீட்சியோ ஒற்றை இலக்கம். அதை மறுபடி பிரஸ்ஸில் ஏற்றினால் கிழியாமல் என்ன செய்யும்?

முதல் இழுப்பு முடிந்ததும் விளிம்பில் காந்தத்தை வையுங்கள். புதுத் தகட்டில் ஒட்டாத காந்தம் இங்கே நன்றாகப் பிடித்தால், இறுகிவிட்டது என்று அர்த்தம். ஃபர்னஸுக்கு அனுப்புங்கள்.

அதற்கு முன் எண்ணெயைச் சுத்தமாகக் கழுவவேண்டும். ஒட்டியிருக்கும் பிசுக்கு எரிந்து, அதன் கரி உலோகத்துக்குள் இறங்கும். சூடு 1010 முதல் 1120 டிகிரி. நாங்கள் 1050 வைப்போம். மெல்லிய தகடு முழுக்கச் சூடேறியபின் சில நிமிடம் போதும். கூடுதலாக விட்டால் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் (grains) பெருத்து, அடுத்த இழுப்பில் மேல்பரப்பு ஆரஞ்சுத் தோலாகும். அப்புறம் பாலீஷ்காரரிடம் யார் பேச்சு வாங்குவது?

ஆற்றுவதில்தான் பலர் அலட்சியம். 860-லிருந்து 425 டிகிரி வரை சட்டென்று கடக்கவேண்டும். மெல்லியதற்கு ஃபேன் காற்று, தடித்ததற்குத் தண்ணீர். அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து மணி ஓரங்களில் ஒதுங்கும். அதை ஒட்டிய இடம் துருப்பிடிக்கும். கேஸ் டார்ச்சால் திட்டுத்திட்டாகக் காய்ச்சுவதை நான் பட்டறையில் அனுமதிப்பதே இல்லை. காய்ச்சிய இடத்தைச் சுற்றி ஒரு வளையம் எப்படியும் அந்த 425–860 டிகிரிச் சூட்டிலேயே நிற்கும்.

காய்ச்சியதில் மேலே படியும் கருப்பு ஏட்டை எடுக்க நைட்ரிக், ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் கலவை. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். ஹைட்ரோஃப்ளோரிக் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

விலை குறைவென்று, நிக்கல் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசைத் தகடு வாங்கினால், இழுத்த அன்றே ஃபர்னஸில் வையுங்கள். சாயங்காலம் நன்றாக இருந்த பாத்திரம் மறுநாள் காலையில் விளிம்பு தானாகவே பிளந்து கிடக்கும்.

நிக்கல் சேர்க்காத 430 ரக எவர்சில்வர் வேறு சாதி. அது எப்போதும் காந்தத்தில் ஒட்டும், அதனால் காந்தச் சோதனை உதவாது. அதற்குச் சூடும் 800-ஐத் தாண்டவேண்டாம். 1050-ல் வைத்தால் மணி பெருத்து நொறுங்கும்.