எகிப்தியக் கல்லறை ஓவியத்தில் பெற்றோர் யார், பிள்ளை யார்? கண்டுபிடிக்கும் முறை

பண்டைய எகிப்தில் இறந்த தாய் தந்தைக்குப் படையல் வைப்பது மூத்த மகனின் கடமை. அதனால் கல்லறைச் சுவர்களிலும் நினைவுக்கற்களிலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும்.

முதலில் நாற்காலியைப் பாருங்கள். அமர்ந்திருப்பவர்கள் படையலைப் பெறுபவர்கள். எதிரே நின்று நீர் வார்ப்பவரோ தூபம் காட்டுபவரோ படைப்பவர். நடுவில் மேசைமேல் நாணல் போல் நெட்டுக்குத்தாக நிற்பவை ரொட்டித் துண்டுகள். புல் என்று எண்ணிவிடாதீர்கள்.

உருவத்தின் அளவை வைத்து வயதைக் கணிக்கக் கூடாது. அளவு காட்டுவது மதிப்பை. முகமும் உதவாது, பெற்றோரையும் இளமையாகவே தீட்டுவார்கள். அரச கல்லறைகளைக் கட்டிய கைவினைஞர்களின் ஊரான தெய்ர் எல்-மதீனாவில், பாஷெது என்ற கைவினைஞரின் கல்லறையில் உறவினர் சிலருக்கு நரைத்த முடி இருப்பது அரிய, அழகான விதிவிலக்கு.

ஆகவே காட்சியோடு பொறித்த சித்திர எழுத்துதான் கைகொடுக்கும். அந்த எழுத்தில் வரும் பறவைகளும் மனித உருவங்களும் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். ஒருவரின் பெயரில் உள்ள குறிகள் பெரும்பாலும் அவர் பார்க்கும் திசையையே பார்க்கும். நெரிசலான காட்சியில் எந்தப் பெயர் யாருடையது என்பதை இப்படித்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்து உறவுச்சொற்கள். வாத்துக் குறியும் ('மகன்') அதன்பின் கொம்புப்பாம்பும் ('அவருடைய') வந்தால் 'அவர் மகன்'. பிணந்தின்னிக் கழுகு வந்தால் தாயாக இருக்கலாம். தந்தை என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: நாணல், ரொட்டி, பாம்பு என்று எழுதுவார்கள், அந்தப் பாம்பு சொல்லோடு சேர்ந்தே வருவது, அதை மட்டும் வைத்து 'அவருடைய' என்று படிக்கக் கூடாது. 18-ஆம் அரச வம்சத்திலிருந்து (சுமார் கி.மு. 1550 முதல்) மனைவியையும் 'சகோதரி' என்றே குறித்தார்கள். அதை நேர்ப்பொருளில் எடுத்தால் குடும்பமே தலைகீழாகிவிடும்.

பெயருக்குப் பின் 'மாஆ கெரு' ('குரல் மெய்யானவர்', இறந்தவருக்கான அடைமொழி) இருந்தால் இறந்தவர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே கல்லறை கட்டியவர்கள் அதை முன்கூட்டியே பொறித்துக்கொண்டார்கள்.

சிறுத்தைத் தோல் அணிந்தவர் 'செம்' எனப்படும் ஈமச்சடங்குப் பூசாரி. சென்னெஜெம் என்ற தெய்ர் எல்-மதீனா கைவினைஞரின் கல்லறையில் அந்தத் தோலோடு நிற்பவர் அவர் மகன் புனக்தெஃப். ஆனால் அரசர் துட்டன்காமுன் கல்லறையில் அதை அணிந்து, இறந்தவருக்கு வாய் திறக்கும் சடங்கை (இறந்தவர் மீண்டும் உண்ணவும் பேசவும் வழிசெய்வது) செய்பவர் ஆய். ஆய் துட்டன்காமுனின் மகன் அல்ல, அடுத்து அரியணை ஏறியவர். மகனின் இடத்தில் நின்றதால் அரசுரிமை அவருக்கு உறுதியானது. தோலை மட்டும் நம்பாமல் வாத்துக் குறியையும் தேடுங்கள்.