பேட்டரி சைக்கிளும் சாதா சைக்கிளும் சேர்ந்து போக

குழுவில் இரண்டு பேரிடம் மின்சார மவுண்டன் பைக் வந்துவிட்டாலே ஞாயிற்றுக்கிழமை சவாரியின் லட்சணம் மாறிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏற்றத்தில் அவர்கள் பேசிக்கொண்டே போவார்கள், நாம் நாக்கு தள்ளிப் பின்னால் வருவோம். சண்டை வராமல் போக வழி இருக்கிறது.

ஏற்றத்தில் பேட்டரி வண்டியைக் கடைசியில் விடுங்கள். முன்னால் விட்டால், மோட்டார் குறைவாக உதவும் ‘எகோ’ (Eco) மோடில் வைத்திருந்தாலும், மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி பக்கம் போனால் அப்படியே மாற்றுங்கள். காற்றாலை சுற்றுகிற அந்த எதிர்க்காற்றைப் பேட்டரி வண்டிக்காரர்தான் முன்னால் நின்று வாங்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் ஒதுங்கி வரலாம்.

250 வாட் வகையில் 25 கி.மீ. வேகம் வந்ததும் மோட்டார் உதவி நின்றுவிடும், சமதளத்தில் யாரும் பெரிய ஆள் இல்லை. இறக்கத்தில்தான் கவனம். பேட்டரி வண்டியோ பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல், ரப்பர் தோட்டத்துப் பாதையில் மழைக்குப் பின் சருகு ஊறிக் கிடக்கும், பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். இடைவெளி விடுங்கள்.

அப்புறம் சார்ஜ். மோட்டார் முழுசாக உதவும் டர்போ மோடிலேயே ஓட்டிய நண்பன் ஒருவனுக்குத் திற்பரப்பு வருமுன்பே பேட்டரி காலி. அந்த எடையை மிதித்து வந்தவன் சாயாக்கடையில் இரண்டு பழம்பொரி தின்ற பிறகுதான் வாயைத் திறந்தான். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்குமுன் திரும்பிவிடுங்கள்.

மோட்டார் இருக்கிறதே என்று கோதையாறு பக்கம் காட்டுக்குள் இறங்கவும் தோன்றும். வனத்துறை அனுமதி இல்லாமல் வேண்டாம்.